வாசலில் நின்று சொல்பவள்

எந்த இடத்துக்குள் போனாலும் அவள் வாசலில் கொஞ்சம் நின்றுவிடுவாள். பின்னால் வருகிறவர் முதுகில் இடித்துக்கொண்டால் அது அவர் பாடு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். "நாலு டேபிள் கீது. ஒரு ஃபேன் ஓடுது, ஒண்ணு ஓடல. கல்லா லெஃப்ட்ல. கை கழுவுற எடம் பின்னாடி." மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில், கடையை விலைக்குக் கேட்க வந்தவள் மாதிரி நிற்பாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

பெருங்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் இருவரும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தோம். காற்று திசை மாறினால் குப்பைக் கிடங்கின் வாடை ஏசி வழியாகவே வரும் கட்டடம். என் வீடு மயிலாப்பூரில் என்பதால் அவளுக்கு நான் எப்போதும் 'மைலாப்பூரு'தான். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எங்க எழுதிக்கீற, மேலயா கீழயா, பக்கத்துல வேற இன்னா கீது?" என்று நூறு கேள்வி கேட்பாள்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் சொல்லாமலேயே எங்களைப் பல மாதம் சிரிக்க விட்டாள்.

எங்கள் வேலை கறுப்புத் திரையில் நடக்கும். படம் கிடையாது, எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். ஒரு ஃபோல்டருக்குள் போக வேண்டுமானால் 'சிடி' என்று அடித்து அதன் பெயரையும் அடிக்க வேண்டும். போய்விடலாம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று திரை தானாகச் சொல்லாது, ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டும் என்றால் 'எல்எஸ்' என்று இன்னொரு தரம் அடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் நாள் முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் இடத்தில் உட்கார்ந்து ஏதோ ஃபோல்டருக்குள் போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்த பெயர்கள் அத்தனையும் மளமளவென்று திரையில் வந்து விழுந்தன.

"இன்னாமே முழிக்கிற?" என்றாள் பின்னாலிருந்து. "ரெண்டையும் சேத்துக் கட்டி வெச்சிக்கீறேன். உள்ள போனா அதுவே சொல்லிரும்."

"எதுக்கு? வேணும்னா அடிச்சுப் பாத்துக்கலாமே."

"நீ உன் வூட்டுக்குள்ள போற. லைட்டு போடாம நடுவூட்ல போயி நிப்பியா?"

"எனக்கு என் வீடு தெரியும்."

"உனுக்குத் தெரியும்," என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் அதில் உண்டு. புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட கோப்புகள் சாதாரணமாகப் பட்டியலில் வராது. ஒளிந்திருக்கும். தனியாகக் கேட்டால்தான் வரும். அவள் செய்து வைத்திருந்த ஏற்பாட்டில் அவையும் சேர்ந்தே வந்தன. பாதித் திரை அந்தக் குப்பையிலேயே நிரம்பிவிடும். அதை மட்டும் எடுத்துவிடேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒளிச்சி வெச்சதத்தான்மே மொதல்ல பாக்கணும். மத்ததெல்லாம் அதுவே கண்ணுல படும்" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் ஆபீஸில் யாருமில்லை.

நல்ல விஷயத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவளுக்கு இல்லை. ஒரு நாள், எல்லோரும் பயன்படுத்தும் பொது லாகினிலும் இரண்டையும் சேர்த்துக் கட்டும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். யார் எந்த ஃபோல்டருக்குள் போனாலும் வெளிச்சம் போட்ட மாதிரி எல்லாம் தெரிந்தது. நாங்கள் மறந்துபோனது, அதே லாகினில் பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் ஒரு ஸ்கிரிப்டும் ஓடுகிறது என்பதை. அது ஒரு ஃபோல்டருக்குள் போய், நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று கேட்டு, வருகிற பதிலை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். ஒற்றை வரி வரவேண்டிய இடத்தில், அவள் புண்ணியத்தில், அங்கே இருந்த பெயர்கள் எல்லாம் ஊர்வலமாக வந்தன. ஸ்கிரிப்டுக்கு என்ன தெரியும்? அத்தனையையும் அழிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவரின் கோப்புகள் காணாமல் போயின. பெரும்பாலானவற்றைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டோம். எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, இது யார் வேலை என்று கேட்டார். அவள் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றாள்.

"எதுக்கும்மா? யாராவது கேட்டாங்களா?"

"இருட்டுல தடவிக்கினு இருந்தாங்க சார். அதான்."

மேனேஜருக்குக் கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியை எடுத்தாக வேண்டியதாயிற்று. எடுத்த அன்று மத்தியானம் ஆபீஸ் முழுக்க ஒரே முணுமுணுப்பு. போன இடத்தில் திரை வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. அவள் மட்டும் தன் சொந்த லாகினில் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

அவளை எதற்கெல்லாம் கிண்டல் செய்தோம். பக்கத்தில் வைத்த டீயைத் தட்டிவிடுவாள். கை குலுக்க நீட்டுபவரைக் கவனிக்காமல் போவாள், பெரிய மகாராணி என்போம். தீபாவளிக்கு முன்னால் தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, "படி ஏறுது. நடுவுல கம்பி. ரைட்ல பொம்ம, பொடவ கட்டிக்கீது. ஆளு இல்ல, பொம்மதான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, செக்யூரிட்டிக்காரர், "யம்மா, கடையப் பாக்க வந்தியா, துணி எடுக்க வந்தியா? வழிய வுடு" என்று விரட்டினார். ஆபீஸில் இதை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவளே நான்தான்.

பிறகு ஒரு மழைச் சாயங்காலம். ஆறு மணிக்கே ஓ.எம்.ஆர். சாலை இருட்டிவிட்டது. வழக்கமாக அவள் வெயில் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள், அன்று வேலை இழுத்துவிட்டது. ஷேர் ஆட்டோவுக்காக நடந்தபோது என் பையின் வாரை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. அவள்தான்.

"எதுக்குப் பையைப் புடிச்சு இழுக்கற? அறுந்துடப் போகுது."

"கண்ணு தெரியலமே," என்றாள். மழை பெய்கிறது என்பது மாதிரி சொன்னாள்.

இருட்டில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாதாம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் அவர்கள் வீடு இருந்தவரை அது ஒரு குறையாகவே படவில்லை. எந்த மூலையில் எந்தக் கடை, எங்கே சாக்கடை மூடி தூக்கிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் காலுக்கே பழக்கம். பிறகு பகல் பார்வையும் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. "மொதல்ல வளையல் வழியா பாக்குற மாதிரி இருந்திச்சி. இப்ப மோதிரம் வழியா பாக்குறேன். மோதிரத்துக்குள்ள தெரியறது பளிச்சுனு தெரியும். அதுக்கு அந்தாண்ட ஒண்ணும் கெடையாது." அதனால்தான் வாசலில் நிற்கிறாள். அந்த மோதிரத்தை அறை முழுக்க நகர்த்தி, அகப்பட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லி, மனத்தில் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு, அதற்குள்தான் நடக்கிறாள். நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கினேனே, அது இதைத்தான்.

அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். அறை வாசலிலும் நின்றாள். "டேபிள். சின்ன லைட்டு. செவுத்துல எழுத்துப் பலகை. டாக்டர் மூஞ்சி நல்லா இல்ல." டாக்டர் நல்ல மனுஷி. சிரிக்க முயன்றார். எல்லாச் சோதனையும் முடிந்த பின், "இதுக்கு மருந்து இல்லம்மா. எவ்வளவு வேகமா போகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

"அதுக்கு நானே போதும் டாக்டர். நான்தான் டெய்லி பாக்குறேனே," என்றாள் அவள்.

எனக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டேன். ஆட்டோவில் அவள்தான் என்னைத் தேற்றினாள். "எங்கம்மாவப் பாரு. மீனு வித்து என்னப் படிக்க வெச்சிது. இதுக்கு ஒரு தபாகூட அது அழுததில்ல, தெரியுமா? கேரட்டு துன்னு, சரியாப்பூடும்னு சொல்லிக்கினே கீது. அது மட்டும் ஒரு நாள் அழுதுச்சின்னு வெய்யி, நான் அப்படியே குந்திடுவேன்மே. அதான் என் தெம்பே."

அவர்களைக் கூவம் ஓரத்திலிருந்து அரசாங்கத்தார் கிளப்பி, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல, எல்லா மாடியும் ஒன்றுபோல, எல்லாக் கதவும் ஒரே நீலம். கண் நன்றாகத் தெரிகிற நானே இரண்டு தரம் தவறினேன். வந்த புதிதில் அவள் ஒரு மாடி கூட ஏறி வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டாளாம். அந்தக் கதையை அவள் அம்மாதான் சொன்னார்.

"உள்ள போயி நின்னுக்கினு, கட்டிலு எங்க, பீரோ எங்க, எம்மா இன்னா எல்லாத்தியும் வித்துட்டியான்னு ஒரே கத்து. அந்தூட்டு ஆளு லுங்கியோட ஓடியாறான். இவ அவனப் பாத்து, நீ யாருய்யா எங்கூட்லன்றா!"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் அம்மா, குழம்பில் போட ஏதோ வாங்க வேண்டும் என்று வெளியே போனார். நான் கைகழுவக் குடத்தைத் தேடி வெளியே வந்தபோது, அவர் கடைக்குப் போயிருக்கவில்லை. நீலக் கதவுகளுக்கு நடுவே சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். முந்தானையை வாயில் அடைத்திருந்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பாப்பாக்குத் தெரியக் கூடாது கண்ணு. அது என்னியத்தான் புடிச்சிக்கினு நிக்கிது."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? உள்ளே திரும்பிப் போனபோது அவள், "எங்கம்மா போயி எம்மா நேரமாச்சி, கடையில கூட்டமா?" என்றாள். கூட்டம் என்றேன்.

அடுத்த வருடத்தில் மோதிரமும் மூடத் தொடங்கியது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை அவளே தேடிப் பிடித்துப் பழகிக்கொண்டாள். காதில் ஹெட்போன், விரல் கீபோர்டில். எழுத்து வேலைதானே, சமாளித்தாள், எங்களில் சிலரைவிட வேகமாகவே. ஒரு நாள் அவள் பக்கமாகப் போனேன். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். ஒரு பெண் குரல் நிறுத்தாமல் பெயர்களைப் படித்துக்கொண்டே போனது. ஒரு பெயர் முடிவதற்குள் அடுத்த பெயர். புள்ளி என்று தொடங்குவது எத்தனையோ. எந்த ஃபோல்டருக்குள் போனாலும் அந்தக் குரல் ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு ஒரே பார்வையில் முடிந்தது காதுக்கு முடியவில்லை. குரலை நிறுத்தினாலும் வேலையை எங்கே விட்டோம் என்று மறந்துவிடுகிறது என்றாள்.

"அந்த லைன எடுத்துருமே."

"எந்த லைன்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"நீயே எடுக்கலாமே," என்றேன். எனக்கு அதைத் தொட மனமில்லை.

"எடுக்கலாம். என் கையால வேணாம்."

உட்கார்ந்து எடுத்தேன். ஒரே வரி. அழித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபோல்டருக்குள் போனேன். கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. ஹெட்போனை அவள் காதில் திரும்ப மாட்டினேன், அதில் ஒன்றும் வரவில்லை. அவள் தலையைச் சாய்த்து அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே வேணும்னா நானே கேட்டுக்கறேன்," என்றாள். "நீயும் அப்படித்தான். வாசல்ல நின்னு லெஃப்ட்ல இது கீது, ரைட்ல அது கீதுன்னு எனக்கு ஓத ஆரம்பிச்சிட்ட. நாலு நாளா சொல்லணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். தல வலிக்கிதுமே. கேட்டா சொல்லு."

அதுவும் உண்மைதான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அவளோடு எந்த அறைக்குள் போனாலும் நான்தான் வாசலில் நின்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். நிறுத்துவது லேசாக இல்லை. அவள் கை என் தோளில் இருக்க, கண்ணில் படுவதையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அவள் அபூர்வமாகத்தான் கேட்டாள்.

அதற்கப்புறம் கம்பெனி புதிய கண்காணிப்பு முறைக்கு மாறியது. பெரிய திரை, பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம். எழுத்து இருந்த இடத்தில் எல்லாம் நிறம். அவள் ஹெட்போன் குரலுக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. மேனேஜர் வாடிக்கையாளரிடம் பேசிப் பார்த்தார், மேலிடத்தில் பேசிப் பார்த்தார். போன் எடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். "எழுத்தா இருந்த வரைக்கும் ஓட்டிட்டேன் சார். கலரா போனப்பறம் நான் இன்னா பண்றது?" என்று சொல்லி ராஜினாமா கொடுத்துவிட்டாள். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஓர் இடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். எதைச் சொல்லி நிறுத்துவது?

கடைசி நாள் மீட்டிங் அறையில் கேக் வைத்திருந்தார்கள். அவளுக்குத் தெரியாமல் மேனேஜர் வண்டி அனுப்பி அவள் அம்மாவை அழைத்து வந்திருந்தார். மகள் வேலை செய்த இடத்தை அந்த அம்மா ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. மேனேஜர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். என் தோளில் கை வைத்து அவள் வந்தாள். வாசலில், பழைய பழக்கத்தில், நின்றாள். உள்ளே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, சொல்லு," என்றாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிறாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். "டேபிள் நடுவுல இருக்கு. கேக், வெள்ளைக் கிரீம். உன் பேர் எழுதியிருக்கு, ஒரு எழுத்து சரிஞ்சிருக்கு. சார் வலது பக்கம், கையில சால்வை. நம்ம டீம் எல்லாரும் ஜன்னல் ஓரமா. பலூன் கட்டியிருக்காங்க, ஒண்ணு தொங்கிப் போச்சு."

இடது மூலையில் அவள் அம்மா இருந்தார். பட்டுப்புடவை. வந்ததிலிருந்து மகளின் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தவரை இங்கே அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். இப்போது முந்தானை முழுக்க வாயில் இருந்தது. முகமெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவ்ளோதான்," என்றேன்.

அவள் உள்ளே வரவில்லை. தோளில் இருந்த கை கொஞ்சம் அழுத்தியது.

"ஒளிச்சி வெச்சது?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மேனேஜரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"உங்கம்மா வந்திருக்காங்க," என்றேன்.

"இன்னா பண்றாங்க?"

என்னால் சொல்ல முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முகம் ஒரு நொடி சுருங்கி, சரியாயிற்று. குந்திவிடுவேன் என்றாளே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எம்மோவ்," என்று சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டியது வலது மூலையைப் பார்த்து. அங்கே ஒருவரும் இல்லை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். அவளைப் பிடித்துத் திருப்ப நான் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, மேசையைச் சுற்றி ஓடி, சால்வையோடு நின்ற மேனேஜரை இடித்துத் தள்ளிக்கொண்டு, நாற்காலிகளை விலக்கி அந்த மூலையில் போய் நின்று, "இங்கதான் கீறேன் பாப்பா" என்றார்.